தேய்ந்த பிரிட்ஜ்

கடைசி ஸ்க்ரூ வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

துரு. எல்லாம் மாப்பிள்ளையின் வியர்வை. தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் மேலேயே உள்ளங்கையை ஊன்றி வாசிக்கிற மனுஷன். பேஸ் கிட்டாரோ அரதப்பழசு.

டாக்டர் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தார். கிட்டார் ரிப்பேர்தான் தொழில். டாக்டர் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பேர்.

தங்கை புருஷன் ஆச்சே, முடியாது என்று சொல்ல முடியுமா? அதுவும் நாளைக்கு ரெக்கார்டிங்காம். அந்தக் குழுவில் ஒரு காலத்தில் பேஸ் வாசித்ததே டாக்டர்தான். மாப்பிள்ளை உள்ளே வந்தார், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பயல் இவரைக் கூப்பிடவில்லை. வயிறு எரியாதா பின்னே?

இவரிடம் இருப்பதும் அதே கம்பெனி, அதே வருஷம், அதே மாடல். மாப்பிள்ளை தொட்டால் உருகுகிறது. இவர் தொட்டால் தகர டப்பா.

ஏதோ அந்தக் கிட்டாரில்தான் இருக்கிறது. கையிலா இருக்கப்போகிறது? சுவரில் ஒரு ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியாத கை!

ஸ்க்ரூ அசைந்து கொடுத்தது. தந்திகள் ஏறி உட்காரும் நாலு குட்டி உருளைகளையும் கழற்றினார். தந்தி அறுத்து அறுத்து ஒவ்வொன்றிலும் பள்ளம். கரகரவென்று இரைகிறது என்று மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான்.

கழற்றிய பழசைக் காகிதத்தில் மடித்து உடையவரிடமே கொடுப்பது கடை வழக்கம். மாப்பிள்ளைக்கு மட்டும் அது கிடையாது.

கதவைச் சாத்திவிட்டுத் தன் கிட்டாரை எடுத்தார். அதன் உருளைகள் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளத்தன. தேய்மானம் என்ற பேச்சே இல்லை. அவற்றை மாப்பிள்ளையின் கிட்டாரில் பூட்டினார். பள்ளம் விழுந்ததை அரத்தால் லேசாக ராவித் தன்னுடையதில் பூட்டிக்கொண்டார்.

போன வருஷம், தந்தியின் அதிர்வை வாங்கிச் சத்தமாக்குகிற பிக்கப் இப்படித்தான் வீடு மாறியது. அதற்கு முன்னால் முறுக்காணிகள், ஒயர், குமிழ்கள். அதிலெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் பிரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். ஒயரைச் சொருகி, நின்றபடியே ஒரு தந்தியைச் சுண்டினார்.

கடை முழுக்க நிறைந்தது அந்தப் பாழாய்ப்போன சத்தம். துளி குறையவில்லை.

"அட, என் பழைய சவுண்டு அப்படியே இருக்கு மச்சான்! கைன்னா உங்க கைதான்."

டாக்டர் மாப்பிள்ளையின் விரல்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெடுக்கென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

இன்னும் மாற்றாமல் மிச்சம் இருப்பது மரம்தான்.

"கிட்டார் கழுத்து லேசா வளைஞ்ச மாதிரி இருக்கே மாப்பிள்ளை. ரெக்கார்டிங் முடிஞ்சதும் கொண்டுவந்து குடுத்துட்டுப் போங்க."