இன்றைய பேப்பர் வேண்டாம்

"பரீட்சை முடியற வரைக்கும் யாரும் பேப்பரைத் தொடக் கூடாது, போனும் கூடாது!" என்றார் பயிற்சி மையத்தின் நடப்பு நிகழ்வுகள் ஆசிரியர். "கேள்வித்தாள் எப்பவோ அச்சாகிடுச்சு. இனிமே வர்ற செய்தி எல்லாம் குப்பை. நானே பேப்பரை நிறுத்திட்டேன்."

அந்த மையத்தில் படித்த அவனுக்கு அவர் சொன்னதுதான் வேதவாக்கு. எந்த நாட்டில் எந்த மந்திரி எதற்காகப் பதவி விலகினார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் காலை அக்கா பேப்பரோடு அறைக்குள் வந்தாள்.

"டேய், இதைக் கொஞ்சம் பாரேன்."

"எப்போ நடந்தது?"

"நேத்துதான்டா..."

"அப்போ பரீட்சைக்கு வராது. உனக்கெல்லாம் இது புரியாது. கதவைச் சாத்திட்டுப் போ."

அக்கா சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் வாசல்வரை வந்து, வழக்கமில்லாத புன்சிரிப்போடு வழியனுப்பியும் வைத்தாள்.

பரீட்சைக் கூடத்தின் கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்ற அத்தனை பேரும் அவன் மையத்து ஆட்கள். மற்றபடி ஈ, காக்கை இல்லை.

"பார்த்தியா, மத்த சென்டர்காரங்க எல்லாம் பயந்துட்டாங்க!" ஆசிரியர் பெருமை பொங்க ஆளுக்கொரு பேனா கொடுத்துக்கொண்டிருந்தார்.

காவலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பரீட்சையைத் தள்ளி வெச்சுட்டாங்களே! நேத்து பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்ததே, நீங்க யாருமே பார்க்கலையா?"

ஆசிரியர் முகம் சுண்டிப்போனது. ஒரு நொடிதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் எழுதிக்கோங்க. முக்கியமான கேள்வி, கண்டிப்பா வரும். இந்த ஆண்டுத் தேர்வு எதனால் தள்ளிவைக்கப்பட்டது?"

அத்தனை பேரும் பயபக்தியோடு பேனாவைத் திறந்தார்கள்.