சாய்ந்த இறக்கை

பழைய ரோந்து விமானம் தலைக்கு மேல் வந்தால், அன்றைக்குப் பிடித்த பெரிய மீனைத் தூக்கிக் காட்டுவது அந்தக் கடற்கரைப் படகுக்காரர்களின் வழக்கம். விமானியும் இரண்டு பக்கமும் இறக்கையை ஆட்டிவிட்டுப் போவார். வயதாகிவிட்டதென்று அந்த விமானங்களைக் கழித்துவிட்டு, இப்போது பயணிகள் ஜெட்டுகளை ரோந்துக்கு மாற்றியமைத்து அனுப்புகிறார்கள். ஜன்னல்களை அடைத்தாயிற்று. உள்ளே ஆள் கிடையாது; பார்ப்பதும் சுடுவதும் இயந்திரமே.

கஸ்பாருக்கும் அது தெரியும். ஆனால் ஆளுயர மயில்மீன் கிடைத்த சந்தோஷத்தில் ஜெட் ஒன்று வருவதைக் கண்டதும் அவன் கை சும்மா இருக்கவில்லை. வாள் போல நீண்ட அதன் மூக்கு வானத்தைப் பார்க்க, மீனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"கீழ போடு மச்சான்," என்றான் சுக்கானைப் பிடித்திருந்த லூர்தையா. "மேலருந்து பாத்தா துப்பாக்கி மாதிரில்லா தெரியும்."

"இவ்வளவு செலவழிச்சுச் செஞ்சிருக்கான். மீனத் தெரியாதாக்கும் அதுக்கு?"

ஜெட் கடந்து போனது. தூரத்தில் அதன் இடது இறக்கை சாய்ந்தது.

"பாத்தியா, பதில் சொல்லிட்டு," என்று சிரித்தான் கஸ்பார்.

அடுத்து வலது இறக்கை சாயும் என்று இருவரும் காத்திருந்தார்கள். சாயவில்லை. விமானம் வளைந்து திரும்பி, படகை நோக்கித் தாழ்ந்து வந்தது.

அதற்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று கஸ்பார் மீனை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தான்.