அயர்லாந்துக்காரன் திமிர்

மறுபடியும் எரர்.

மிரெயாவுக்கு லேப்டாப்பை அப்படியே மூடிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. காலையிலிருந்து இதே கூத்து. வரி வரியாக ஓடும், கொஞ்சம் நம்பிக்கை வரும், பாதியில் நின்று சிவப்பு எழுத்தில் திட்டும்.

காஸ்ட்ரோ படகுத்துறையிலிருந்து மருத்துவப் படகு நண்பகலில் தீவுகளுக்குக் கிளம்புகிறது. அதில் போகும் ஸ்கேன் கருவிக்குத்தான் இந்தப் புது லேப்டாப். வயிற்றுக் குழந்தையைத் திரையில் காட்ட ஒரு இலவச சாஃப்ட்வேர் லைப்ரரி வேண்டும். யாரோ ஒரு அயர்லாந்துக்காரர் எழுதி நெட்டில் போட்டிருக்கிறார். சோர்ஸ் கோடை இறக்கி, இந்த மெஷினில் ஓடும்படி இதிலேயே கம்பைல் செய்தாக வேண்டும். இல்லையென்றால் ஸ்கேன் வெறும் பெட்டி.

கடைசித் தீவில் ஒரு கர்ப்பிணிக்குக் குழந்தை குறுக்கே கிடக்கிறதோ என்று மருத்துவச்சிக்குச் சந்தேகம். இன்று பார்க்காவிட்டால் படகு மறுபடி போக ஒரு மாதம் ஆகும். அதற்குள் வலி வந்துவிடும்.

கம்பைலரை மாற்றிப் பார்த்தாள். பழைய வெர்ஷனை இறக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடம், அதே எரர். லைப்ரரியின் வெப் பக்கத்தில் புகார்களைத் துழாவினால், இப்படி ஒரு எரர் வந்ததாக உலகத்தில் ஒருவர்கூட எழுதவில்லை. தப்பு தன்மேல்தான் என்று தோன்றியதும் அழுகையே வந்துவிட்டது.

படகில் பெட்டிகளை ஏற்றிவிட்டு அன்செல்மோ உள்ளே வந்தார். ஆபீஸில் அவளுக்கு சீனியர். மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி திரையை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ நேரம் மண்டைய உடைச்சுக்கிட்ட? தள்ளு."

ஒரே ஒரு வரி அடித்தார். கம்பைல் தடங்கலே இல்லாமல் ஓடி முடிந்தது.

"அண்ணே, என்ன பண்ணீங்க?"

"நாம அரையை எப்படி எழுதுவோம்? பூஜ்யம், கமா, அஞ்சு. இதை எழுதின அயர்லாந்துக்காரன் ஊர்ல கமா கிடையாது, புள்ளி. கம்பைல் ஆகும்போது அவன் லைப்ரரி தானா ஒரு ஃபைல் எழுதும். நம்ம ஊர் மெஷின்ல அதுலயும் கமா விழுந்துடும், புள்ளி மட்டும் தெரிஞ்ச கம்பைலர் முழிக்கும். நம்பரையெல்லாம் இங்கிலீஷ்காரன் மாதிரி எழுதுன்னு மெஷினுக்குச் சொன்னேன், அவ்ளோதான்."

மிரெயா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் அதைப் படகில் சேர்த்தாள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து அந்த அயர்லாந்துக்காரரை வறுத்தெடுத்தார்கள்.

"கமா போடறவன் எல்லாம் அவனுக்கு மனுஷனாவே தெரியல. திமிரு," என்றார் அன்செல்மோ. வருஷக்கணக்காக இதே கதையாம். ஆபீஸுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர்தான் சரிசெய்து கொடுக்கிறாராம். தலைநகர் சாந்தியாகோவிலும், எல்லை தாண்டி அர்ஜென்டினாவிலும்கூட எல்லாருக்கும் இந்த வைத்தியம் தெரியுமாம்.

மிரெயாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கமா, ஸ்கேன், படகு, கர்ப்பிணி, எதையும் விடாமல் அந்த மனிதருக்கே பொரிந்து தள்ளி எழுதிவிட்டாள்.

மதியத்துக்கு வாங்கிவைத்த மில்காவோ என்ற உருளைக்கிழங்கு அடையைத் தின்று முடிப்பதற்குள் பதில் வந்தது.

'மன்னியுங்கள். எனக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் பக்கம் நிறையப் பேர் இறக்கிக்கொள்வது மட்டும் தெரியும். யாரும் குறை சொல்லாததால் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போதே சரிசெய்துவிட்டேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு வரி எழுதுவீர்களா?'

மிரெயா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"அண்ணே, இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது அவருக்கு எழுதினீங்களா?"

அன்செல்மோ மாத்தேயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"எழுதி என்ன ஆகப்போகுது? அவன்தான் திமிர் பிடிச்சவனாச்சே."