அடையாளம் வைக்காத இடம்

அணுக்கழிவுச் சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்து, மண் போட்டு, மேலே புல்லும் வளர்த்துவிட்டார்கள். லட்சம் வருஷத்துக்கு யாருக்கும் அங்கே தோண்டத் தோன்றக் கூடாதாம். அதனால் ஒரு கல்கூட நடவில்லை.

மூடுவதற்கு முன் பாறை சரிந்து செத்த சுரங்கத் தொழிலாளி அந்தோணிப்பிச்சையின் உடலை எடுக்க முடியவில்லை. அவரும் உள்ளேதான் இருக்கிறார்.

கல்லறைத் திருநாளன்று அவர் மனைவி சூசையம்மாள் வந்தாள். "எந்த இடம்னு மட்டும் காட்டுங்க சார். ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுப் போயிடுதேன்."

பொறியாளர் இளம்பரிதி அவளை வேறு பக்கம் கூட்டிப்போய் ஓர் உடைமரத்தடியைக் காட்டினார். நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அவள் திரியை ஏற்றி, முழங்காலிட்டு ஜெபித்தாள். "நான் செத்தா என்னையும் இங்கயே, அவுக பக்கத்துலயே வைக்கச் சொல்லியிருக்கேன் சார்."

இளம்பரிதியின் கண் தன்னையறியாமல் அந்தப் புல்தரைக்குப் போய்த் திரும்பியது.

சூசையம்மாள் எரிகிற திரியைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.