மூவர்

“போ,” என்றார் டெனிஸ். கட்டைவிரல் ரிமோட்டின் பட்டனை அழுத்தியது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துவரும் வீட்டு வண்டியான கேரவன், ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ளது, சொன்னபடி கேட்கும் கிழட்டுக் குதிரைபோல, புல்லில் மெல்லப் பின்னோக்கி அவர் பக்கம் நகர்ந்தது.

வண்டி நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிமிர்ந்து நின்றிருந்தார். பக்கத்தில் மடக்கு நாற்காலி, அதன்மேல் கிரிக்கெட் வர்ணனை அலறும் சின்ன ரேடியோ. காலையில் வரும் வழியில் ஊமையாகிப்போன ரேடியோ அது. தேநீருக்கு நிறுத்திய இடத்தில் அவர் எதையோ நோண்டியதும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தது.

அந்தச் சத்தத்துக்காக மாரீன் மனதுக்குள் நன்றி சொன்னாள். மோட்டாரின் இரைச்சல் கேட்கவில்லையே என்று கணவருக்குத் தோன்றாது.

மோட்டார் ஓடவே இல்லை. வண்டியின் முன்புறம், அவர் கண்ணுக்குப் படாத பக்கத்தில், மாரீனும் பக்கத்து கேரவன்காரன் கீத்தும் அவன் மனைவி லின்னும் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தின் ஃபைலி கடற்கரைக்கு மேலே இருக்கும் இந்தப் புல்வெளிக்குப் பதினோரு வருடமாக வருகிறார்கள். கார் திரும்ப இடமில்லாத ஒடுக்கமான மூலை. காரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கையால்தான் தள்ளி உள்ளே விட வேண்டும்.

அதனால்தான் ‘மூவர்’ என்ற கருவி வாங்கலாம் என்று டெனிஸ் ஆறு வருடமாகக் கேட்டார். வண்டிக்கு அடியில் பூட்டுகிற மோட்டார். பட்டனை அழுத்தினால் உருளைகள் சக்கரங்களைச் சுழற்றி நகர்த்திவிடும். மறுத்தது மாரீன்தான். “முப்பது கிலோ இரும்பு. வண்டி தாங்கற எடையில அதுவே எல்லாத்தையும் தின்னுட்டா, நான் என்ன, வெறும் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடவா வர்றது?”

அவரும் தோளைக் கொடுத்தே தள்ளினார். போன ஆகஸ்டில், இதே பத்தடி தூரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், இனி எதையும் தள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க மாரீன் உட்கார்ந்து ஒவ்வொரு மூவரின் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். இருப்பதிலேயே இலேசானதைத் தேர்ந்தெடுத்தாள். தன் தையல் மெஷினையும் இரும்பு வாணலியையும் வீட்டிலேயே விட்டாள்.

விட்டும் என்ன. போன வாரம் கேரவனின் அலமாரியைத் துடைத்தவள், உள்ளே விளக்கை அணைக்க மறந்துபோனாள். மூவரை ஓட்டும் அதே பேட்டரியில் அது ஐந்து நாள் எரிந்திருக்கிறது. கிளம்பும்போது டெனிஸ், “பேட்டரி பார்த்தியா?” என்று கேட்டார். பார்க்காமலே, “பார்த்தேன்,” என்றாள்.

இன்று அவர் முகாம் அலுவலகத்தில் பெயரைப் பதியப் போயிருந்தபோது அவள் மூவரின் சுவிட்சைப் போட்டாள். ஒரு விளக்கும் எரியவில்லை. முகாமின் மின் இணைப்பில் மாட்டினாலும் பேட்டரி ஏறச் சாயங்காலமாகிவிடும். அதுவரை பொறுக்கிற மனுஷர் இல்லை அவர். பத்தடிதானே என்று தோளைக் கொடுத்துவிடுவார்.

உருளைகளைச் சக்கரத்தில் பொருத்தாமலே, பொருத்திவிட்டேன் என்று அவரிடம் இன்னொரு பொய் சொன்னாள். கீத்தின் கதவைத் தட்டினாள்.

“உள்ள பியானோவா வச்சிருக்கே?” என்று கீத் இப்போது முணுமுணுத்தான். லின் அவன் விலாவில் இடித்தாள்.

“இன்னும் ரெண்டடி,” என்று பின்னாலிருந்து டெனிஸின் குரல் வந்தது. “கொஞ்சம் இடது பக்கம் திருப்பறேன். ம், நிறுத்தப்போறேன். நிறுத்தறேன், நிறுத்திட்டேன்.”

ஒவ்வொன்றையும் அவர் உரக்கச் சொல்லிவிட்டே செய்ததில் மாரீனுக்கு உயிர் வந்தது. இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அவள் கைபிரேக்கை இழுத்தாள். கீத்தும் லின்னும் நழுவிப் போய், இப்போதுதான் வருகிறவர்கள்போல வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

“என்ன டெனிஸ், கையே வைக்காம நகர்த்திட்டே?”

“பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான்.” அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைத்தான் மாரீனால் பார்க்க முடியவில்லை. சிவந்துபோன உள்ளங்கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கேரவனுக்குள் இருவரும் தனியானார்கள். இத்தனை வருடம் அவரைத் தள்ளவிட்டு வேடிக்கை பார்த்தாள். இப்போது அவரை ஏமாற்றி நிற்கவைத்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும்.

“டெனிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லலாம். முதல்ல இதை எடுத்து வை.” ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

ரிமோட் காற்றுபோல இலேசாக இருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்மூடியைக் காணோம். இரண்டு சின்ன பேட்டரிகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வெளியே நாற்காலியில் ரேடியோ இன்னும் அலறிக்கொண்டிருந்தது. யாரோ அவுட், கூட்டம் கைதட்டியது.

டெனிஸ் கெட்டிலை அடுப்பில் வைத்தார். ஜன்னல் வழியே கீத்தையும் லின்னையும் கையசைத்து அழைத்தார். பிறகு ஒவ்வொன்றாக மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தார்.

“நீ உட்காரு கண்ணு. மூவருக்கும் டீ நான் போடறேன்.”