நாலு மணி பத்து நிமிஷம்

“சர்வர்ல பதிவாகியிருக்கற லாகைப் படி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி!” என்று மேலாளர் புஷைப் திரையைத் தட்டினார். அந்தக் காசாபிளாங்கா அலுவலகமே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

கிஸ்லான் படித்தாள். “கிஸ்லான் கம்ப்யூட்டர். நேத்து நாலு மணி பத்து நிமிஷம். வாடிக்கையாளர் பட்டியல் அழிக்கப்பட்டது.”

“நாலு மணிக்கு நாங்க எல்லாரும் கிளம்பிட்டோம். நீ மட்டும்தான் இருந்தே. நான் அழிக்கலன்னு நோன்பு மாசத்துல பொய் வேறயா? ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு!”

“லாக்ல ஆளோட பேரும், எந்த ஊர் நேரம்ங்கறதும் கட்டாயம் இருக்கணும்னு போன மாசமே எழுதிக் குடுத்தேன். சர்வர்ல இடத்தை அடைக்கும்னு அதை அடிச்சுப் போட்டது யாரு?”

“பேச்சை மாத்தாதே!”

“மாத்த வேண்டியது சர்வர் கடிகாரத்தை சார்! ரமலானுக்காக நாடே ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுது. சர்வரை மட்டும் யாரும் தொடல. லாக்ல நாலு பத்துன்னா, நமக்கு மூணு பத்து.”

“மூணு பத்துக்கு மட்டும் உன் சீட்டுல வேற யாரு இருந்தா?”

கிஸ்லான் கைப்பையிலிருந்து இனிப்புக் கடை ரசீதை எடுத்து அவர் மேசைமேல் அறைந்தாள். அதில் நேற்றைய தேதி, மூன்று மணி பத்து நிமிடம் என்று அச்சாகியிருந்தது.

“கடைக்காரன்கூடக் கடிகாரத்தை மாத்திட்டான் சார். உங்க வீட்டு நோன்பு திறப்புக்கு ஷெபாகியா இனிப்பு வாங்க என்னைக் கியூவுல நிக்க அனுப்பினீங்க. ‘கம்ப்யூட்டரைப் பூட்டாம போ, நான் ஒண்ணு பார்க்கணும்’னு சொன்னீங்க. என்ன சார் பார்த்தீங்க?”