கொர்னேலியஸ் பெயரில் ஓர் ஓட்டம்

மலேசியாவின் அசாம் ஜாவா ஊர் ஜிம்மில் அன்று கூட்டம். எல்லையில் வீரமரணமடைந்த ராணுவ சார்ஜன் கொர்னேலியஸின் நினைவாகக் கடும்பயிற்சி: நூறு தண்டால், பிறகு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டம்.

"அவரோட மனைவி வர்றாங்களா?" என்று கேட்டாள் ஜிம் உதவியாளர் துளசி.

"வருவாங்கன்னு அவங்க தம்பி போன்ல சொன்னாரு. நிழல்ல நாற்காலி போட்டு வை. அழுதாங்கன்னா பக்கத்துலயே இரு," என்றான் பயிற்சியாளர் திருச்செல்வம்.

எட்டு மணியாகியும் நாற்காலி காலியாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் திருச்செல்வம் விசில் ஊதினான்.

முப்பது பேரில், நரைத்த தலையில் தொப்பி போட்ட ஒரு பெண்மணிதான் மூட்டையோடு முதலில் வந்து சேர்ந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"சூப்பர் லா ஆன்ட்டி! மெடல் போட சார்ஜன் வீட்டம்மாவத்தான் இன்னும் காணோம்," என்றான் திருச்செல்வம்.

"நான்தாம்பா அவரு வீட்டம்மா, யூஜினியா," என்றார் மூச்சு வாங்கியபடி.

திருச்செல்வம் ஓடிப்போய் அந்தக் காலி நாற்காலியை இழுத்து வந்தான். "மன்னிச்சிருங்க ஆன்ட்டி..."

"எதுக்குப்பா? கல்யாணமான புதுசுல செம்பனைக் காட்டுல ரெண்டு பேரும் பந்தயம் ஓடுவோம். மனுஷன் ஒருநாள்கூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்ல. இன்னைக்கு அவரு பேர்லயே ஓடி ஜெயிச்சிட்டேன் பாரு!"

யூஜினியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.